நான் ஓட்டாத இறக்கம்

வடசென்னையில் சைக்கிளில் மேடேறிப் பழக வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும் மேம்பாலம். இன்னொன்று, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு. அங்கே காவலாளி விசில் ஊதுவார். ஆகவே நாங்கள் நான்கு பேரும் மேம்பாலத்தில்தான் பழகினோம். கன்டெய்னர் லாரிப் புகையைக் குடித்தபடி காலையில் பத்து முறை ஏறி, பத்து முறை இறங்குவோம். பாலத்தடியில் டீ விற்பவர் முதல் வாரம், "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

ஐம்பது வயதில் சர்க்கரை ஏறினால் மற்றவர்கள் நடக்கிறார்கள். நான் ராயபுரத்தில் கப்பல் சரக்குக் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவன். புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கமும் உண்டு. எதையும் எளிதாகச் செய்ய வராது. சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயரும் வளைந்த கைப்பிடியுமாக ஒரு சைக்கிள் இருக்கிறது. கிராவல் சைக்கிள் என்பார்கள். அதை வாங்கினேன். என்னைப் பார்த்து என் நண்பனும் வாங்கினான். திருவொற்றியூரில் பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருப்பவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர, ஒரு வாட்ஸப் குழுவும் ஆயிற்று.

மலை வேண்டுமென்றால் ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குப் போக வேண்டும். நால்வருக்கும் ஷிப்டு வேறு, விடுமுறை வேறு; சேர்ந்து போவது அபூர்வம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். புதிய பாதை என்றால் ஒருவன் முதலில் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து, போன வழியைச் செல்போன் செயலி வரைந்து தரும் கோட்டையும், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்ற குறிப்பையும் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் அதை நம்பி, முடிந்த நாளில் போவார்கள். ஓட்டாத பாதையைப் போடக் கூடாது என்பது ஒன்றே சட்டம். இந்த வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வந்தது. எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்பது காரணம். முழங்கால் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை.

போன ஆண்டு மழை முடிந்ததும் ஒரு புதிய மலைப்பாதையைப் பார்க்கப் போனேன். மேட்டில் கால்வாசி ஏறியதுமே முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. இறங்கித் தள்ளினேன். தள்ளவும் முடியாமல் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, இயற்கையை ரசிப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது காலிப் பால் கேன்களோடு குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று முக்கி முனகி வந்தது. ஓட்டுநர் தெலுங்குக்காரர். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், மொழி தேவைப்படவில்லை. சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். என்னையும் ஏறக்குறைய அப்படியே.

உச்சியில் இறங்கிக்கொள்வதாகத்தான் இருந்தேன். உச்சி வந்தது. காற்று சுகமாக இருந்தது, முதுகுக்கு ஒரு கேன் வாகாக இருந்தது. அவர் நிறுத்தவில்லை, நானும் தட்டவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் அடிவாரம்வரை அப்படியே போனேன். சட்டைப்பையில் செல்போன் அதுபாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. குட்டியானை அந்த மேட்டில் போன வேகம், நல்ல முழங்கால் உள்ளவன் மிதிக்கிற வேகம்தான். யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. செயலி எனக்கு ஒரு பதக்கம்கூடக் கொடுத்தது.

அன்று மாலை செயலி வரைந்த கோட்டைக் குழுவில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். "மாமு, கலக்கிட்டே போ. இந்த வயசுல இன்னா ஏத்தம்!" என்று நண்பன் உடனே குரல்பதிவு அனுப்பினான். அந்தக் குஷியில் குறிப்பையும் எழுதினேன்: 'மேடு கொஞ்சம் சோதிக்கும். இறக்கம் தாலாட்டு. பிரேக்கைத் தொட வேண்டாம்.' கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் பத்தி மொட்டையாக நின்றது. அதற்காகச் சேர்த்ததுதான்.

இரண்டு வாரம் கழித்து நண்பன் அங்கே தனியாகப் போனான். இறக்கத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டியதும், மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்துவிட்ட பள்ளம் ஒன்று உண்டு. உள்ளே கல் குவிந்து கிடக்கும். விழுந்தான். வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலது மணிக்கட்டும்.

வெல்டருக்கு வலது கை.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறையும் சாத்துக்குடி. மூன்றாவது முறை பை பெரிதாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பழக்கடைக்காரன் என்றே நினைத்திருந்தார்.

மாவுக்கட்டைப் பிரிப்பதற்கு முந்தின வாரம் நண்பன் வீட்டுக்கு வரச் சொன்னான். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. அவன் சைக்கிள் துடைத்து, காற்றடித்து, கதவோரம் நின்றது.

"வா மாமு, குந்து," என்றான். "போம்போது இத்த நீயே எட்த்துகினு போ."

"எதுக்குடா?"

"எனுக்கு செட் ஆவாது. நீ பிரேக்கே தொடாம எறங்குன எடம் அது. நான் ரெண்டு பிரேக்கையும் புட்ச்சிகினே வந்தேன், அப்பவும் வாரி வுட்ருச்சு. உனுக்குக் கை வருது, எனுக்கு வரல. அவ்ளோதான்."

அவன் மனைவி உள்ளேயிருந்து, "நான் அப்பவே சொன்னேண்ணா. அண்ணன் ஓட்டுதுன்னா அதுக்கு ஒரு நெதானம் கீது, உனுக்கு இன்னாத்துக்கு மலைன்னு. கேட்டாத்தானே?" என்றாள்.

"த, நீ சும்மா இரு," என்றான் அவன். "எட்த்துகினு போ மாமு. பாத்துகினே இருந்தா பேஜாரா கீது."

பிறந்ததிலிருந்து என் நிதானத்தை யாரும் புகழ்ந்ததில்லை. முப்பது வருஷமாக நெருப்பைக் கையில் பிடித்து மயிரிழை பிசகாமல் இரும்பை ஒட்டுகிறவன், தன் கைக்குத் திறமை போதாது என்கிறான். என் ஒரு வாக்கியத்தை நம்பி. இதைக் கேட்ட பிறகும் நான் எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, சைக்கிளை வாசற்படிவரை தள்ளிக்கொண்டு போனேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். முன்சக்கரம் படியில் இடித்து நின்றது.

"நான் அத ஓட்டலடா," என்றேன், சைக்கிளைப் பார்த்து.

"இன்னாது?"

"அந்த இறக்கம். மேடும் கால்வாசிதான். மிச்சம் குட்டியானைல போனேன். பால் கேன் வண்டி."

மனைவி சிரித்தாள், நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"குட்டியானைல குந்திகினு போனே."

"ஆமா."

"அந்தப் பள்ளம். அப்ப இருந்திச்சா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. தெரியாது என்றால் நம்பியிருப்பான். அந்த இடத்தில் வண்டி தூக்கிப் போட்டு, ஒரு கேன் உருண்டு என் காலில் இடித்திருந்தது. தலையை நீட்டிப் பார்த்திருந்தேன். குறிப்பில் எழுதியிருந்தால், எந்த ஓரமாக ஓட்டிக் கடந்தாய் என்று கேட்டிருப்பார்கள். என்னிடம் பதில் இல்லை. அதனால் பள்ளத்தையே விட்டுவிட்டேன்.

"இருந்தது. பார்த்தேன்."

அவன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஷேர் ஆட்டோக்காரர் காலடிப்பேட்டைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனுக்கு ஓட்டத் தெரியும்," என்றான். என்னிடம் சொன்னது அல்ல. பிறகு என்னிடம், "சைக்கிள வச்சிட்டுப் போ," என்றான்.

வைத்தேன். டீ போட எழுந்த மனைவி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே குழுவில் உண்மையை எழுதிப் பள்ளத்தையும் குறித்தேன். மூன்றே வரி, ஓசைக்காக எதையும் சேர்க்கவில்லை. மற்ற இரண்டு பேரும் ஒரு வாரம் யானைப் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். இப்போது என் பெயரே குட்டியானை. "குட்டியானை சார், இன்னிக்கு கேன் இல்லியா?" என்று மேட்டுக்கு மேடு கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனை மன்னித்தாயிற்று என்பதற்கு இதைவிட நிச்சயமான அடையாளம் கிடையாது.

நண்பனின் கை கூடிவிட்டது. வேலைக்குப் போகிறான், ஞாயிறு வாய்த்தால் எங்களோடு ஓட்டவும் வருகிறான். உச்சியில் நான் தள்ளிக்கொண்டு வந்து சேரும்வரை காத்திருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறான். டயரில் காற்று குறைந்தால் சொல்கிறான். யானைப் பேச்சு எழும்போது மட்டும் வேறு பக்கம் பார்க்கிறான். இதுவரை அவன் என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.