‘இல்லை’ என்று சொன்னால் போதும்

கென்டக்கியில் எங்கள் ஊர்க் கிளினிக்கில், குழந்தையோடு வருகிற எல்லோரிடமும் பதிவு மேசையில் இருக்கும் லோரெட்டா கேட்கும் முதல் கேள்வி, “இன்சூரன்ஸ் இருக்கா?” இல்லாத பிள்ளைக்கு அரசாங்கத் தடுப்பூசி இலவசம். அத்தாட்சி வேண்டாம், பெற்றவர் வாயால் சொன்னால் போதும். சொல்லாததை அவள் பதிய முடியாது; ‘இருக்கு’ என்றால் இலவச ஊசி கிடையாது.

அந்த ‘இல்லை’தான் எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் வராது. பாழாய்ப்போன மானம்!

ஊரே வேலை பார்த்த கோழி இறைச்சி ஆலையை மூடிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் தட்டம்மை. ராய்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் வரிசையில் ஆலையில் அவனோடு வேலை பார்த்தவர்கள். ஆலை கொடுத்த நீல இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினான்.

“இருக்குங்க.”

லோரெட்டாவும் அதே அட்டையை வைத்துப் பிள்ளை வளர்த்தவள்தான். குரலைத் தாழ்த்தினாள்.

“ஆலையோட இதுவும் போச்சுப்பா. இல்லைன்னு சொல்லு, இப்பவே போட்டுடலாம்.”

“இருக்குன்னு சொல்றேன்ல? தர்ம ஊசிக்கா வந்திருக்கேன்?”

“உன் கால்ல விழறேன் ராய்ஸ், புள்ளையப் பாரு.”

அவன் சத்தமாகச் சிரித்தான், கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மகளோடு வெளியேறினான். ஊசி போட வேண்டிய நான் வெறுங்கையோடு நின்றேன்.

லோரெட்டா கண்ணைத் துடைத்தாள். “அடுத்து யாரு? இன்சூரன்ஸ் இருக்கா?”

அடுத்தவன் மகனை இறக்கிவிட்டு, அதே நீல அட்டையை எடுத்து நீட்டினான்.