பாக்கியம் அக்காவின் கிளினிக் விரதம்

வெள்ளிக்கிழமை பூசைக்காகக் கோவில் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்காவின் மகன் ரவி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினான். "சின்னம்மா, அம்மா போயிருச்சு. சுமதிகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வரல." சுமதி அவன் மனைவி. புளிக் கையோடு, லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா வாசலில் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பிலிருந்த ரொட்டிக் கல்லை இறக்கிக் கீழே வைத்தாள்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து எடுத்தவர். என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறி ஓட்டுகிறார். நான் மலைக்குப் போவதில்லை. வீட்டையும், கோவில் வேலையையும், கோவில் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அக்கா இருமினால் இந்தப் பக்கம் நான் சுடுதண்ணி வைப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர் குரல்தான். பூசை முடிந்து எல்லோரும் கோவில் படியில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணி குடிப்போம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிக் குடிப்பதுதான் நம் வழக்கம். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், என்று கிளினிக்கில் சொன்ன பிறகும் அக்கா எல்லோரோடும் சேர்ந்து கையை நீட்டுவார். நான் சீனிப் போத்தலை இழுத்துக்கொள்வேன். அவர் வெறும் கையை நக்கிக் காட்டி, "இத்தன வருசமா ஒட்டின சீனி தங்கச்சி, இன்னும் இனிக்குது" என்பார். படியில் இருந்த எல்லோரும் சிரிப்போம்.

கிளினிக்கில் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கீரை, மீன், பருப்பு, விதவிதமான மரக்கறி. எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவள் நான். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, "இது தொரை வீட்டுச் சாப்பாடு. நம்ம வீட்டுத் தாள் இருந்தா வாசி" என்றார். நுவரெலியா கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாக நம் கண் முன்னால்தான் கொழும்புக்குப் போகின்றன. நம் அடுப்பில் மூன்று வேளையும் கோதுமை மாவு ரொட்டி, கொச்சிக்காய்ச் சம்பல். மலையேறிக் கூடை சுமக்கிறவருக்கு வயிற்றில் கனமாக நிற்பது அதுதான். நானும் ஒரு குடும்பத்துக்குச் செலவு பார்த்துச் சமைக்கிறவள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னாலும் ஒரு வாரம் ஓட்ட முடியவில்லை.

கிளினிக் வேலை நாளில்தான். இருட்டோடு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது சம்பளம் இல்லை. சீனி கூடியிருந்தால் அடுத்த வாரமும் வரச் சொல்வார்கள், இன்னொரு பேர் போகும். குறைவாக இருந்தால் நாள் தள்ளிக் கொடுப்பார்கள். அக்கா இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பே அடுப்புப் பக்கம் போக மாட்டார். வெறும் தண்ணீர், வெறும் தேத்தண்ணி. அம்மனுக்கு விரதம் இருந்து பழகிய உடம்பு. நேர்ஸ் மிஸ் ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து, "ஹொந்தாய் அம்மே" என்று சிங்களத்தில் பாராட்டுவார். நல்லாயிருக்கிறதாம். அதே குளிசை மாத்திரை, அடுத்த தவணை நாள் தள்ளி.

"சாப்பிடாம மலைக்குப் போறீங்களே அக்கா, தல சுத்தாதா?" என்று கேட்டேன்.

"ஆத்தாவுக்குப் புடிச்ச விரதம் டாக்டரய்யாவுக்குப் புடிக்காதா?" என்றார்.

நம் லயத்தில் சீனி உள்ள மற்றப் பெண்களும் இதையே செய்யத் தொடங்கினார்கள். "நாளன்னிக்குக் கிளினிக், நான் விரதம்" என்று படியில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

தேயிலைச் செடியைக் குட்டையாக்கிக் கவ்வாத்து வெட்டிய மலைக்கு அக்கா வேலைக்குப் போன வாரம் அது. வெள்ளிக்கிழமை கோவிலில் நான் கூட்டிய தரையில் ஒரு சிவப்புத் தடம் கண்டேன். குங்குமம் சிந்தியிருக்கிறது என்று குனிந்து துடைத்தேன். விரலில் ஒட்டியது. தடத்தைத் தொடர்ந்து பார்த்தால், அக்கா முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். வெட்டிய தேயிலைக் குச்சி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அழுத்திப் பிடித்தபோதும், "வலிக்கவே இல்ல தங்கச்சி, நல்ல காலம்" என்றார். வலிக்காமல் போனதுதான் கேடு என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றார். தோட்டத்து மருந்துக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இரண்டு தடவை சொன்னார். அக்கா ஒரே பேச்சாக இருந்தார். "என் பேர் செக்ரோல்ல இருக்கிற மட்டுந்தான் இந்தக் காம்பரா. நான் படுத்தா புள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறது?" வேலைக்காரர் பட்டியலில் அந்த வீட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ரவி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். சுமதி இரண்டு பிள்ளைகளோடு வீட்டில். காலில் வாடை வந்த பிறகுதான் அவரைத் தூக்கிப்போய் என் வீட்டுக்காரரின் லொறியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரப் பெண் சிங்களத்தைத் தமிழாக்கிச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒத்தக் காலோட கொழுந்து எடுக்க ஏலுமான்னு கேளுங்க" என்றார். அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அதைக் கேட்காமலே தன் கட்டிலுக்குத் திரும்பினார். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த முறை போனபோது சோற்றுப் பாத்திரம் தொடாமல் இருந்தது. சீனி குறைந்தால் காலை விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தார். ஆனால் அங்கே எடுத்தது வேறு பரிசோதனை. போன சில மாதங்களின் சீனியையும் சேர்த்துக் காட்டுமாம். இரண்டு நாள் பட்டினிக்கு அது மசியாது. "ரத்தம் கோள் சொல்லிருச்சு தங்கச்சி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காம்பரா போய்விடும் என்றுதான் அக்கா கையெழுத்துப் போடவில்லை என்று அன்று மாலை சுமதியிடம் சொன்னேன். மலைப் பக்கமே போக மாட்டேன் என்று கல்யாணமாகி வந்த நாள் முதல் சொல்லிவந்தவள் அவள். மறுநாள் பெரட்டில் போய்த் தன் பேரைப் பதியச் சொன்னாள். பிறகு கட்டிலருகே நின்று, "மாமி, என் பேர் விழுந்திருச்சு. நீங்க கையெழுத்தப் போடுங்க" என்றாள். அக்கா அவள் உள்ளங்கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "பூ மாதிரி இருக்கு. முடிஞ்சுது போ" என்றார். கையெழுத்துப் போட்டார். காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

சாவுச் சீட்டில் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அவரை அறிந்த நமக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. தள்ளித் தள்ளிப் போன கிளினிக்கும், வாங்க முடியாத கீரையும், பேருக்குள் அடங்கிய காம்பராவும் அந்தச் சீட்டில் இல்லை. அம்மன் சந்நிதியில் நின்று சொல்கிறேன், இது விதி என்று என்னால் கும்பிட்டுவிட்டுப் போக முடியவில்லை.

இப்போது கிளினிக் விரதம் இருக்க நான் யாரையும் விடுவதில்லை. கிளினிக்குக்கு முதல் நாள் மாலை கோவிலுக்கு வந்து என் முன்னால் சாப்பிட்டுப் போக வேண்டும். வெள்ளிதோறும் பூசைக்கு முன் பெண்களைப் படியில் உட்கார வைத்து, நான் ஒரு படி கீழே உட்கார்ந்து, விளக்கைப் பிடித்துப் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால், வெடிப்பு எல்லாம். அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான்.

போன வாரம் சுமதி மலையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தாள். மாமியாரின் பழைய செருப்பைத்தான் போட்டிருந்தாள். ஒன்றின் அடியில் குச்சி ஏறிய துளை அப்படியே இருந்தது. அவள் காலை மடியில் எடுத்து வைத்தபோது கூச்சப்பட்டு, "என்ன சின்னம்மா, என் காலையா கும்பிடுறீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.