மறைத்து விற்ற நோய்

தொண்ணூறுகளில் பர்மாவில், கியாக்டடா என்ற பகுதியில் ஒரு தமிழ் வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். கரண்ட் போனால் பர்மா மன்னர் காலத்து வழக்குகளைச் சொல்வார். விலைக்கு வாங்கிய அடிமைப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க ஒருவன் வழக்குப் போட்டானாம். ஊர் ஏக்கத்தில் அவள் சாப்பிடுவதே இல்லை, இந்த நோயை மறைத்து விற்றுவிட்டார்கள் என்பது அவன் வாதம். ஏக்கம் நோய்தான் என்று நீதிபதியும் விற்பனையை ரத்து செய்தாராம்.

"அப்ப ஊருக்குப் போயிட்டாளா, ஐயா?"

"அதெப்படிம்மா? வித்தவன் வீட்டுக்குத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயைக் கண்டுபிடித்தவர்களுக்கு மருந்து தெரியாதா?

என் கணவர் மலேசியாவில் வேலை பார்த்த காலம் அது. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்று மாமியார் கேட்டார்.

காய்ச்சல் என்றேன்.