பழனிச்சாமி ஓடிய கதை

எங்கள் வேலையில் ஒருவரைப் பற்றி முதல் நாள் காதில் விழும் கதைதான் கடைசிவரை அவரோடு வரும். பழனிச்சாமியைப் பற்றிக் கேட்ட கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே நம்பி வந்தேன்.

கோவையில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லத்தில் நான் உதவியாளன். பழனிச்சாமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவர் ஒருமுறை ஓடிவிட்டார் என்று எனக்கு முன்பே சேர்ந்த சின்னராஜ் சொன்னார். அன்றிலிருந்து, வெளியே போனால் அவர் மணிக்கட்டு எங்களில் ஒருவர் பிடியில்தான். கேட் திறந்து கிடந்தாலும் தாண்டாத மனிதர் எப்படி ஓடியிருப்பார்? ஆனால், ஆள் காணாமல் போனால் நம் கதி என்ன என்று இந்த வேலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

பேக்கரியில்

பழனிச்சாமிக்குச் சர்க்கரை போடலாமா என்று டீ மாஸ்டர் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பழனிச்சாமி தன் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பிடித்திருந்த என் கையும் கூடவே போனது.

"ஏனுங்க, டீ நாந்தான குடிக்கப் போறேன்? என்னையக் கேளுங்க."

உடுமலைப்பேட்டைக்குப் போனவர்

எங்களோடு வேலை பார்த்த பெண் கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். இல்லத்தில் தங்கியிருப்பவர்களிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள், யார் சமாளிப்பது என்றார் வார்டன். பழனிச்சாமி சாப்பிடாமல் கேட்டைப் பிடித்தபடி வழி பார்த்து நின்றார். எங்கள் ஊரில் வழியில் பார்த்துப் பேசியவரிடம்கூட "வாரேனுங்க" என்று சொல்லாமல் நகரமாட்டோம். இவர்களிடம் மட்டும் ஏன் சொல்வதில்லை? கடைசியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அழத்தான் செய்தார்.

"அழுதா அழுதுட்டுப் போறேனுங்க. போறவங்க சொல்லிட்டுப் போகோணும்."

மேட்டுப்பாளையத்தில்

போன மாதம் அவருடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அதே பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. வளர்ந்த மனிதரை அங்கேயும் இழுத்துப் போக மனம் வரவில்லை. இந்தத் தூணருகிலேயே நில்லுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லி, முதல்முறையாகக் கையை விட்டேன்.

வெளியே வந்தால் தூணருகே அவர் இல்லை. ஊட்டி பஸ்ஸில் ஏற ஒரு கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது. அதற்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பஸ் புறப்பட்டுக் கூட்டம் கலைந்தபோதுதான் கண்ணில் பட்டார். இடிபடாமல் இருக்கத் தூணின் மறுபக்கம் போய், முதுகை ஒட்டவைத்து நின்றிருந்தார். பக்கத்தில் போய், முன்பு இங்கே ஏன் ஓடினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிட்டுப் போனீங்க, நின்னுக்கிட்டேன். சின்னராஜண்ணன் சொல்லாம எடம் போட பஸ்ஸேறிட்டாருங்க. பஸ்ஸு நகந்திருச்சு."

மறுநாள்

காலையில் பழனிச்சாமி கடைக்குக் கிளம்பி வாசலில் நிற்க, இப்போது எங்கள் மேற்பார்வையாளராகிவிட்ட சின்னராஜ் பழக்கம்போல அவர் மணிக்கட்டுக்குக் கை நீட்டியபோது, இத்தனை வருடம் ஒருவரும் கேட்காததை நான் கேட்டேன்: "ஏனுங்க, அன்னைக்கு அவரு உங்களை உட்டு ஓடுனாருங்களா, இல்ல நீங்க இருந்த பஸ்ஸைப் புடிக்க ஓடுனாருங்களா?"