மக்காச்சோளம் காய்ந்த சாலை

நாற்பதை நெருங்கும் வயதில்தான் மோட்டார் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைக்காக அல்ல, வேலைக்காக. சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் எனக்குக் களப்பணி. நாங்கள் குடியிருக்கும் கணபதியிலிருந்து பஸ் பிடித்துத் தாராபுரம் போய் இறங்கி, தோட்டம் வைத்திருக்கும் விவசாயி யாராவது வண்டி கொண்டுவந்து அழைத்துப் போகும்வரை நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஒருநாள் வருகிறேன் என்றவர் வரவேயில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன், பைக் வாங்கப் போகிறேன் என்று. தோட்டத்து மண்தடங்களுக்கு ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் சரிப்படாது.

என் கணவர் கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"லேத்துக்கு முன்னாடி கண்ணாடி போடாம எவனையும் நிக்க உடமாட்டேன். ரோட்டுக்கும் அதே சட்டந்தான். வண்டிக்கு முந்தி உடுப்பு வரோணும்."

அப்படித்தான் வண்டிக்கு முன்னால் தாடைவரை மூடும் ஹெல்மெட்டும், தோளிலும் முழங்கையிலும் பட்டைகள் வைத்த ஜாக்கெட்டும், கையுறையும், முழங்கால் காப்பும் வீட்டுக்கு வந்தன. பூட்ஸ் மட்டும் வாங்கவில்லை. வரப்பில் நடக்க வேண்டியவள் அதைப் போட்டுக்கொண்டு எப்படி இறங்குவது? கான்வாஸ் ஷூ போதும் என்றேன். அவர் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. "ஏனுங்க மேடம், பேட்டிங்கா, கீப்பிங்கா?" என்று கேட்டார் கிடங்குப் பொறுப்பாளர். "ரெண்டும்ங்க" என்றேன்.

விழுந்தது தை மாதத்துக் காலை ஒன்றில். தாராபுரம் பக்கமெல்லாம் மக்காச்சோளம் அறுவடை முடிந்து, தார்ச்சாலையின் ஒரு பாதியில் மணிகளைப் பரப்பிக் காயவைக்கும் நேரம். ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பார்த்துப் பழகியதுதான். ஆனால் அந்த இடம் இடப்பக்கம் திரும்பும் வளைவு. வேலியோரத்துப் புதர் மறைத்ததால், திரும்பிய பிறகுதான் மஞ்சள் விரிப்பு கண்ணில் பட்டது. சாலையின் மறுபாதியில் எதிரே ஒரு மினி பஸ். ஒதுங்க இடமில்லை. கை தானாக முன் பிரேக்கை இறுக்கியது.

முன் சக்கரம் எனக்குக் கீழேயிருந்து வழுக்கிப் போனது. சோளமணிகள் உருண்டு உருண்டு வண்டியை எங்கேயோ இழுத்தன. இடப்பக்கம் சாய்ந்து விழுந்து, வண்டியோடு சேர்ந்து நானும் இழுபட்டேன். அப்போது கேட்ட சத்தம்தான் இன்றும் எனக்குள் இருக்கிறது. தேங்காய் துருவுகிற மாதிரி, ஆனால் காதுக்குள்ளேயே. ஹெல்மெட்டின் தாடை தாரில் தேய்கிற சத்தம். வலி எதுவும் தெரியவில்லை. இது என் முகமாக இருந்திருக்கும் என்ற நினைப்பு மட்டும் தெளிவாக இருந்தது.

மினி பஸ் தாண்டிப்போய் நின்றது. சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடிவந்தார்.

"ஏனுங்க தம்பி! அடி பலமுங்களா?"

ஹெல்மெட்டைக் கழற்ற வந்தவரைக் கையால் தடுத்தேன். முதலில் விரல்களை அசைத்தேன், கழுத்தை மெல்லத் திருப்பினேன். எல்லாம் சொன்னபடி கேட்டன. பிறகு நானே கழற்றினேன்.

"அட, பொம்பளப்புள்ள! கண்ணு, ஒண்ணும் ஆகலியே? தண்ணி குடி சாமி."

பின்னாலேயே அவர் வீட்டுக்காரர் வந்து என் காலின் மேலிருந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அப்போதுதான் இடது கணுக்கால் வலித்தது. கண் இருட்டுகிற வலி. ஷூவின் நாடாவுக்கு மேலே வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பாத்து வந்திருக்கோணுமுங்க" என்றார் அவர்.

எனக்கு அந்த வலியிலும் கோபம் பொங்கியது. "வளைவுல கொண்டாந்து கொட்டியிருக்கீங்க. என்னத்தைப் பாத்து வர்றது? எனக்குப் பின்னாடி ஒரு கொழந்தைய வெச்சுட்டு வந்திருந்தா?"

"எல்லாரும் போடறதுதானுங்க. களம் எங்கீங்க இருக்குது?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்தம்மா அவரிடம். "வேலக்காரங்கள வரச்சொல்லி அள்ளுங்க மொதல்ல. நான் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேன்."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் தாராபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் நர்ஸ் ஜாக்கெட்டைக் கழற்றியதும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது முழங்கையில் துணி கிழிந்து, உள்ளிருந்த பட்டை பாதி தேய்ந்திருந்தது. என் முழங்கையில் சிவப்பாக ஒரு தடம், அவ்வளவுதான். முழங்கால் காப்பின் கிண்ணத்தில் ஆழமான கீறல்கள், கீழே முழங்கால் முழுசாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கணுக்காலில் மட்டும் எலும்பு முறிந்திருந்தது.

"பைக்ல விழுந்து வர்றவங்களுக்குக் கல்லும் மண்ணும் எடுத்துத் தொடைக்கவே பாதி நாள் போயிருமுங்க. உங்களுக்கு மாவுக்கட்டோட போச்சு" என்றார் நர்ஸ்.

கணவர் கணபதியிலிருந்து வந்து சேர்ந்தபோது என்னைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தேய்ந்த தாடைப் பகுதியைக் கட்டைவிரலால் தடவியபடியே இருந்தார். பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைச் சரிபார்க்கும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் கண்டதில்லை. பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த வாரங்களில் வந்து பார்த்த உறவுகள் அத்தனையும் சொன்னது ஒன்றுதான். "வண்டிய வித்துப்போடு அம்மணி." என் அம்மா அழுதேவிட்டார். நான் தர்க்கம் செய்யவில்லை. கால் சரியாகட்டும் என்று மட்டும் சொன்னேன். மனசுக்குள் விற்கிற பேச்சுக்கே இடமில்லை. மறுபடி அந்த நிறுத்தத்தில், யாரோ ஒருவர் வருவாரென்று நிற்க என்னால் முடியாது.

கட்டுப் பிரித்ததும் கணுக்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். முதலில் வாங்கியது பூட்ஸ், கணுக்காலைச் சுற்றிக் கெட்டியான காப்பு உள்ளது. வரப்பில் நடக்க ஒரு ஜோடிச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது விஷயம். இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று எனக்கே புரியவில்லை. ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட் மறுமுறை காக்காது என்பதால் அதுவும் புதிதாக வந்தது.

ஆனால் உடனே சாலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் கணவர் கட்டட மணலைக் கொட்டிப் பரப்பினார். ஞாயிறு காலைகளில் அதன்மேல் ஓட்டினேன். முதல் முறை மணலில் சக்கரம் லேசாக நெளிந்ததுமே வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டேன்.

"வந்த வரைக்கும் போதும், உள்ள வா" என்றார் அவர்.

"இல்லீங்க. இன்னொருக்கா."

வேகத்தை முன்கூட்டியே குறைப்பது, மணலுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைத் தொடாமல் இருப்பது, கைப்பிடியை இறுக்காமல் வண்டியை அதன் போக்கில் விடுவது. இந்த மூன்றும் உடம்பில் ஏறப் பல ஞாயிறுகள் ஆயின. ஒருமுறை விழவும் செய்தேன். எழுந்து மணலைத் தட்டிவிட்டு ஏறினேன். அதன் பிறகுதான் பயம் விட்டது.

தாராபுரம் சாலையில் திரும்பப் போன முதல் நாள், அந்த வளைவுக்கருகே வண்டியை நிறுத்தினேன். அந்தம்மா வாரம் தவறாமல் போன் செய்து என் காலைப் பற்றி விசாரித்தவர். பார்க்காமல் போக மனம் வரவில்லை. சாலை வெறுமையாகக் கிடந்தது. வளைவில் இனிப் போடுவதில்லை, நேரான இடத்தில்தான் போடுகிறோம் என்றார் அவர் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை. சாலையில் போடவே கூடாது என்றேன். பார்க்கலாமுங்க என்றார்.

அந்தம்மா என் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிப் பார்த்தார். "இவரு சந்தைக்குப் போறப்ப நான் பின்னாடி உக்காந்துதானுங்க போறேன். எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க கண்ணு."

"எனக்குத் தல வேகுமுங்க" என்று வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டார்.

அடுத்த முறை இரண்டு வாங்கிப்போனேன். அந்தம்மா தன்னுடையதை அப்போதே போட்டுக்கொண்டு மொபட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "ரெண்டாவதையும் போட்டாத்தான் வண்டி நவுரும். இல்லீன்னா நான் எறங்கிக்கறேன், நீங்களே போய்ச் சந்தைல பேரம் பேசிக்குங்க."

அவர் என்னையும் தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டின் பட்டையை எப்படி மாட்டுவது என்று கேட்டார்.