பாஞ்சாலியின் வலது கை

ராஜ்குமாரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தாயைத் தாங்குகிற பிள்ளை என்று ஊரே அவனை மெச்சுகிறது. தாங்கினான்தான். தாங்கித் தாங்கியே அவள் கையை முடக்கப் பார்த்தான்.

அவன் அம்மா பாஞ்சாலி, காணை கிராமத்தில் எனக்கு அடுத்த வீடு. விதைக்கு வைக்கும் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, மெஷினில் போட்டால் பருப்பு அடிபடும் என்று கையால்தான் உடைப்பார்கள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன தை மாதம் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "தினம் கொஞ்சம் போதும்மா, ஆனா ஒரு நாளும் வுட்றாதீங்க" என்றாள்.

பந்தை அமுக்கச் சொன்னார்கள். பாஞ்சாலி மல்லாட்டையை எடுத்தாள். முதல் நாள் ஒன்றே ஒன்று. காலையில் டீ குடித்ததும் உட்காருவாள். அது விரலில் நிற்காமல் உருண்டோடும், தேடி எடுப்பாள். உடைந்ததும் போதும் என்று எழுந்துவிடுவாள். சில நாள் கழித்து இரண்டு, பிறகு ஒரு பிடி. வாசலில் உட்கார்ந்து உடைத்ததுதான் வினையாகிவிட்டது. தெருவில் போன ஒருவர் ராஜ்குமாரிடம், "கை விளங்காத பொம்பளகிட்ட வேலை வாங்கிக்கினு இருக்கியேப்பா" என்று சொல்லிவிட்டார்.

அன்றே மல்லாட்டை முறத்தைப் பிடுங்கிப் பரணில் போட்டான். "ஊர்ல என் மானம் போவுது. நீ சும்மா குந்தும்மா, நான் இருக்கேன் இல்ல?" அதிலிருந்து சோற்றையும் அவனே ஊட்டினான், தெருக்கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு. நான் போய்க் கேட்டேன். "எங்கம்மாவ எனக்குப் பாத்துக்கத் தெரியும்க்கா" என்றான். அறையலாம்போல இருந்தது. நீண்டு வந்த விரல்கள் மறுபடியும் மடங்கிப்போயின.

அவன் வேலைக்குக் கிளம்பியதும் மருமகள் அஸ்வினி கேப்பை மாவில் ஒரு உருண்டையை மாமியாரின் உள்ளங்கையில் வைப்பாள். "அமுக்குங்கத்தை. இன்னைக்கு இது போதும்." மறுநாள் மாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து தருவாள். மறுபடியும் முதலிலிருந்து. சொந்த வீட்டில், சொந்தக் கைக்கு, திருட்டுத்தனமாகப் பயிற்சி. இப்படி ஒரு அநியாயம் உண்டா?

ஆடியில் திண்டிவனத்திலிருந்து அஸ்வினியின் அப்பாவும் அம்மாவும் பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பாஞ்சாலியைப் பார்க்க வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ராஜ்குமார் தட்டோடு தாய்க்கு எதிரில் உட்கார்ந்தான். "அந்தக் கை இனிமே அவ்ளோதான் மாமா. எங்கம்மாவுக்கு இனிமே நான்தான் கை."

ஊட்ட வந்த மணிக்கட்டைப் பாஞ்சாலி வலது கையால் பிடித்தாள். அவன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

"யம்மா, வலிக்குது, வுடு."

"வலிக்குதில்ல? அப்ப என் கை செத்துப் போவல."

அவன் தட்டைக் கீழே வைக்கும்வரை அவள் விடவில்லை.