வேன் வருவதற்குள் ஒரு பக்கம்

எங்கள் மாமா எழுதாத நாடகங்கள் எல்லாவற்றுக்கும் தலைப்பு இருந்தது. சிலவற்றுக்கு இரண்டு தலைப்புகள்கூட இருந்தன. வெள்ளைத்தாளின் நடுவில் சிவப்பு மசியில் பெரிய எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே பச்சையில் 'சமூக நாடகம்', அதற்கும் கீழே நீலத்தில் 'கதை, வசனம், இயக்கம்' என்று போட்டு அவர் பெயர். அடுத்த தாளில் பாத்திரங்களின் பட்டியல். அதற்கடுத்த தாள் வெள்ளையாகவே இருக்கும்.

முறையாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ராணுவத்தில் இருந்ததால் அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி. ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் போகிற சாலையில் எங்கள் ஊர். பஸ் நிற்கும் இடத்தில் மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மனைவியான அத்தை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். விடிந்த கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் பால் டிப்போ வளைவில் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குத் தெருமுனையில் நின்றால் ஏறலாம். யாருக்காகவும் அது காத்து நின்றதில்லை.

மாமா சோம்பேறி இல்லை. இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும். பஞ்சர் சைக்கிளை யார் தள்ளிக்கொண்டு வந்தாலும் அப்போதே கழற்றி, தண்ணீரில் முக்கி, ஒட்டிக் கொடுத்துவிடுவார். எழுத்து ஒன்றுதான் நாளைக்கு. அமாவாசையன்று ஆரம்பிக்கலாம் என்பார். அமாவாசையன்று மழை பெய்யும். அப்புறம் அஷ்டமி, நவமி, அதில் எதுவும் தொடங்கக்கூடாது. அது கழிந்தால் பேனா சரியில்லை. பேனா வாங்கினால் மசி சரியில்லை. எல்லாம் கூடிவந்து பேனாவின் மூடியைத் திறந்தால், யாராவது பஞ்சர் என்று வந்து நிற்பார்கள். மாமா சந்தோஷமாக எழுந்து போவார்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊர் இளைஞர்கள் நாடகம் போடுவது வழக்கம். ஒரு வருஷம் அதை மாமா எழுதுவதாகப் பேச்சு. மேடை போட்டாயிற்று, திரை கட்டியாயிற்று, கலவை ஊரிலிருந்து ஒப்பனைக்காரர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாயிற்று. நாடகம் மட்டும் வரவில்லை. பேரணாம்பட்டில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டு மாமா காலையிலேயே போய்விட்டார். செத்தவர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவசரத்துக்கு வாடகை டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து மேடையில் வைத்துப் படம் போட்டார்கள். அன்றிலிருந்து மாமாவுக்கு 'நாளைக்கு வாத்தியார்' என்று பெயர்.

அதே வருஷம் விநாயகர் சதுர்த்தி கழிந்ததும் அந்த இளைஞர்கள் கூட்டமாகச் சைக்கிள் கடைக்கு வந்தார்கள். நான் அங்கே உட்கார்ந்து பழைய பேரிங் குண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தேன். தையல்கடைக்காரர் மகன்தான் பேசினான்.

"இன்னாணா, இந்தப் பொங்கலுக்கு யாரு சாவப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"பேஜார் பண்ணாதீங்கடா. எழுதிக்கினுதான் இருக்கேன்."

"தீபாவளிக்குள்ள முழுசா கையில குடுத்துடுணா. இல்லாங்காட்டி அணைக்கட்டு ஊர்ல ஒருத்தர் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் வருசா வருசம் அவருதான்."

அவர்கள் போன பிறகு மாமா ஒரு சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிஜமாகவே ஆரம்பித்தார். தலைப்பு 'கண்ணீரில் நனைந்த கதவு'. வேலை தேடி வடக்கே போன கணவன் பல வருஷம் தகவலே இல்லாமல் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். கதவைத் தட்டுகிறான். உள்ளே மனைவி நிற்கிறாள். அவ்வளவுதான், அரைப் பக்கம். மாமா அங்கே நின்றுவிட்டார். அந்தக் கணவனும் ஒரு வாரத்துக்கு மேல் வாசலிலேயே நின்றான்.

ஒரு காலையில் அத்தை அந்தத் தாளை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேன் ஏறிவிட்டாள். சாயங்காலம் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் சொன்னாள்.

"ஏங்க, வேன்ல படிச்சிக் காட்டினேன்."

"எதை?"

"உங்க நாடகத்ததான். ஒடுகத்தூரக்கா அழுதே பூட்டாங்க. அவ கதவத் தொறந்தாளா இல்லியான்னு எல்லாம் என்னைப் போட்டு பிடுங்குதுங்க."

மாமா கையிலிருந்த கிரீஸைத் துடைப்பதை நிறுத்தினார். "ஒடுகத்தூரக்கான்னா யாரு?"

"பின் சீட்டு. எங்க லைன்ல பசை தடவுறவங்க."

"மத்தவங்க இன்னா சொன்னாங்க?"

"அதான், மேல இன்னான்னு கேக்குறாங்க. நாளைக்கு நான் வேன்ல எந்த மூஞ்சியோட ஏர்றது?"

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தபோது மாமா அடுப்படி வாசலில் தாளோடு உட்கார்ந்திருந்தார். அத்தை சோற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுக் காட்சி ஓடல, ஏம்மா. மனசுல இருக்குது, கையில வரமாட்டேங்குது."

"முழுசா யாரு கேட்டா? ஷூவ நான் முழுசாவா தெக்கிறேன்? எனக்கு வர்றது நாக்கு மட்டும்தான். தெச்சு அடுத்தவகிட்ட தள்ளிடுவேன். சாயங்காலம் பாத்தா பொட்டி பொட்டியா ஷூ போவுது."

நாக்கு என்பது ஷூவில் கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. அத்தையின் விரல் நுனிகளில் அந்தத் தோலின் சாயம் எப்போதும் இருக்கும்.

"நாடகத்துல நாக்கு எதுன்னு சொல்லு, எழுதிடறேன்" என்றார் மாமா எரிச்சலோடு.

"அவ கதவத் தொறந்தாளா? இன்னிக்கு அது போதும்."

மாமா எழுதினார். பால் டிப்போ வளைவில் ஹாரன் கேட்டபோது கடைசி வரியில் மசி காயவில்லை. அத்தை தாளை ஊதிக்கொண்டே ஓடினாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. காலையில் ஒரு பக்கம் போகும், சாயங்காலம் பதில் வரும். வேனில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒடுகத்தூரக்கா எல்லாவற்றுக்கும் அழுவார். புதிதாகக் கல்யாணமான மாதனூர்ப் பெண் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். பேரணாம்பட்டு பாய் வீட்டு அம்மாதான் கறார். மாமா முக்கால் பக்கத்துக்குக் கணவனைப் பேசவிட்ட அன்று அவர் சொல்லியனுப்பியது: "வசனம் ஜாஸ்தி, விஷயம் கம்மி."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாடகத்தைப் பற்றி அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று கடையில் இரண்டு வாடிக்கையாளர்களிடம் கேட்டார். மறுநாள் கணவன் நான்கு வரிதான் பேசினான். தலைப்பை வெட்டியதும் அந்த அம்மாதான். "கண்ணீரெல்லாம் எதுக்கு, அதை நாங்க அழுதுக்கிறோம், கதவுன்னு மட்டும் வெச்சா போதாதா?" சிவப்பு மசியில் எழுதின முதல் தாளை மாமா மெதுவாக மடித்து வைத்துவிட்டார். புதுத் தாளில் வெறும் நீலத்தில் 'கதவு'.

ஒருமுறை மாமாவுக்குக் காய்ச்சல் வந்து எழுத முடியவில்லை. வேனில் திட்டுவார்கள் என்று பயந்தேன். "உடம்பு முக்கியம், நாளைக்கு ரெண்டே வரி குடுத்தாலும் போதுமாம்" என்று அத்தை வந்து சொன்னாள். மறுநாள் போர்வைக்குள்ளிருந்து சரியாக இரண்டு வரி வந்தது. அதற்கு மறுநாள் பக்கம் முழுதாக இருந்தது.

இன்னொரு நாள் ஒடுகத்தூரக்காவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அத்தை அதைச் சொல்லும்போது அவரைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வந்ததுலேர்ந்து அந்த ஆளு தன் கஷ்டத்தையே பேசிக்கினு இருக்கான். சாப்ட்டியான்னு அவள ஒரு வார்த்தை கேட்டானான்னு கேக்குறாங்க."

மாமா பேனாவைக் காதில் சொருகியபடி கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே கணவன் வாயில் வைத்தார். "சாப்ட்டியா?" அந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன், அத்தை வேலையிலிருந்து வந்ததும் மாமா அவளிடமும் அதையே கேட்க ஆரம்பித்தார். ஒத்திகை பார்க்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இத்தனை வருஷம் கழித்து நான் இப்போது தினமும் காலையில் நாட்குறிப்பு எழுதுகிறவள். முந்தின நாள் எத்தனை மணிக்கு எழுந்தேன், யார் வந்தார்கள், என்ன வாங்கினேன் என்று வரிசையாக எழுதுவேன். சில நாள் முதல் வரியே வராது. அப்போது பாய் வீட்டு அம்மாவை நினைத்துக்கொள்வேன். விஷயம் என்ன என்று கேட்பார். ஒரு வரி வந்துவிடும்.

காலாண்டு விடுமுறையில் என்னை ஆம்பூரில் இருந்த பெரியம்மா வீட்டில் விடச் சொன்னாள் அம்மா. அத்தையோடு வேனிலேயே போகலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களையெல்லாம் நேரில் பார்க்கப் போகிறேன். மாதனூர்ப் பெண் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று கேட்டு வந்து சொல்லும்படி மாமாவும் சொல்லியனுப்பினார்.

ஹாரன் கேட்டு ஓடி ஏறினோம். உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலை ஜன்னல் கம்பியில், இன்னொருத்தி தலை பக்கத்தில் இருந்தவள் தோளில். பின் சீட்டில் ஒருவர் சாப்பாட்டுப் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினார், அவர்தான் ஒடுகத்தூரக்கா என்று முடிவு செய்தேன். நான்கு மணிக்கே எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள். அத்தை என்னை மடியில் இருத்தி, முந்தானையைத் தலைக்கு இழுத்து, சாய்ந்தாள். வேன் அடுத்த ஊர் தாண்டுவதற்குள் அவளும் தூங்கிவிட்டாள். மாதனூரில் நின்றபோது ஏறிய பெண்ணும் உட்கார்ந்த உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து படிப்பார்கள் என்று காத்திருந்தேன். காற்று நன்றாக வீசியது. கண் விழித்தபோது தோல் பதனிடும் வாசனை மூக்கில் ஏறியது. ஆம்பூர் வந்துவிட்டிருந்தது.

"அத்தே, படிச்சிட்டீங்களா?"

அத்தை என் தலையைக் கோதிவிட்டாள். "படிச்சாச்சி. நீதான் தூங்கிட்டியே, தூங்குமூஞ்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போயும் அந்த ஒரு கால்மணி நேரம் கண்ணை மூடித் தொலைத்தேனே. ஊர் திரும்பியதும் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எல்லாரும் தூங்கிக்கினு இருந்தாங்க மாமா, அவங்க எழுந்து படிக்கும்போது நான் தூங்கிட்டேன்." சிரித்துக்கொண்டே கேட்டுவந்த மாமா பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாருமா?" என்று கேட்டார். "எல்லாரும்" என்றேன். அத்தை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

தீபாவளிக்கு முன் நாடகம் முடிந்தது. தையல்கடைக்காரர் மகன் எழுதின தாள்கட்டை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தான். "நெஜமாவே உள்ள எழுதியிருக்குதாணா?" ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். கடைசித் தாள்வரை எழுத்து இருந்தது. அவன் சிரிக்கவில்லை. "அணைக்கட்டுக்காரருக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னான்.

காணும் பொங்கலன்று மாமா பஜனை கோயிலிலிருந்து பெரிய ஜமக்காளத்தைக் கேட்டு வாங்கிவந்து மேடைக்கு எதிரில் விரித்தார். "இது வேனுக்கு. வேற யாரையும் உட்கார விடாதே" என்று என்னைக் காவல் வைத்தார்.

"பொங்கல்லயாவது அவங்கவங்க வூட்ல இருப்பாங்க. வருவாங்களோ மாட்டாங்களோ" என்றாள் அத்தை.

"வருவாங்க" என்றார் மாமா. "வராம எப்டி?"

பொழுது சாய்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. நடக்க இடமில்லை. ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்காரப் பார்த்தவர்களோடு நான் சண்டை போட்டேன். திரை விலகும் நேரம்வரை வேன் வரவில்லை. கடைசியில் அத்தை மட்டும் வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

மேடையில் தையல்கடைக்காரர் மகன் கதவைத் தட்டினான். புடவை கட்டிய பால் டிப்போக்காரர் உள்ளே நின்றார். நான் மேடையைவிட அத்தையைத்தான் அதிகம் பார்த்தேன். மாதனூர்ப் பெண் சிரித்ததாகச் சொன்ன இடங்களில் எல்லாம் அத்தை சிரித்தாள். கணவன் நிறையப் பேச வந்து நான்கு வரியோடு நிறுத்தியபோது, சரிதான் என்பதுபோல் தலையாட்டினாள். 'சாப்ட்டியா' என்ற இடத்தில், கூட்டத்தில் மற்றவர்கள் பொரி கொறித்துக்கொண்டிருந்தபோது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தினமும் ஒடுகத்தூரக்காவைப் பார்த்துப் பார்த்து அத்தைக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அவர்கள் இங்கே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

நாடகம் முடிந்து கைத்தட்டல் ஓய்ந்ததும் மாமா மேடைக்குப் பின்னாலிருந்து வந்தார். அவர் கோபப்படுவார் என்று பயந்து நான் ஜமக்காளத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா அத்தனை பெரிய வெற்று ஜமக்காளத்தையும் ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா, வேன் மொத்தமும் வந்துடுச்சி போல?"

அத்தை தலை நிமிராமல், "வந்துடுச்சி" என்றாள்.

"எல்லாரும் சாப்ட்டாங்களா?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

நான் திரும்பி, பால் டிப்போ வளைவு வரைக்கும் சாலையைப் பார்த்தேன். அங்கே வேன் எதுவும் இல்லை.